சூரியக் கல்லும் நான்கு மாத அலைச்சலும்

ஒரு வழியாகப் போன வாரம் கட்டுரையை அனுப்பிவிட்டேன். பாபிலோனிய நகரமான சிப்பாரில் சூரியக் கடவுள் ஷமாஷுக்குப் பூசை செய்த நபு-நாதின்-ஷூமியும், அவர் குடும்பம் அரசர்களிடம் பெற்ற மானியங்களும்தான் பொருள். இவற்றையெல்லாம் பொறித்து வைத்திருக்கும் ஒரு கல் பலகைதான் என் ஆதாரம். எழுதப் பிடித்தது இரண்டு வாரம். அதற்கு முன் நான்கு மாதம் அலைந்தேன். அந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. இதே கல்லை ஆராய நினைப்பவர்களுக்காவது பயன்படட்டும்.

கல்லைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1881-ல் அகழாய்வாளர் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம், சிப்பார் புதைந்து கிடந்த அபு ஹப்பா மேட்டில் தோண்டி எடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எண் 91000. எனக்குக் கிடைத்த மொழிபெயர்ப்புகளில் பூசாரிக்கு உரிய பங்குகளைச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டுப் புள்ளி வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியதே அந்தப் பகுதிதான். சரி, 1912-ல் லியனார்டு கிங் பதிப்பித்த மூலத்தையே பார்த்துவிடலாம் என்று ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "இருக்கிறது, வாருங்கள்" என்றார்கள்.

ரயிலில் நான்கு மணி நேரம். போய் நின்றால், அறிமுகக் கடிதம் எங்கே என்று கேட்டார் அங்கிருந்த அலுவலர். என் ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப் பிரதியைக் கொடுத்தேன். கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசல்தான் வேண்டும் என்று, படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார். முதல் பயணம் அப்படிப் போயிற்று.

கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். புத்தகம் வந்தது, படங்கள் இல்லை. எழுத்து ஒரு தொகுதி, படத்தகடுகள் இன்னொரு தொகுதியாம். அது வேறு கட்டடத்தில் இருக்கிறது, மூன்று நாள் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். முதலில் பேசியபோதே இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? இரண்டு தொகுதிகளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைக் கையோடு கொண்டுபோங்கள். அதற்கும் முன்னால் மின்நூலகங்களில் தேடுங்கள். பழைய பதிப்பு என்பதால் அதன் வருடிய பிரதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. மூன்றாவது பயணம் முடிந்து வந்த பிறகு நண்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்த அடி குடும்ப மரத்தில் விழுந்தது. நபு-நாதின்-ஷூமி, எகுர்-ஷூம்-உஷப்ஷியின் "வித்து" என்கிறது கல். நான் அப்பா, மகன் என்று கோடு போட்டு அனுப்பினேன். ஆசிரியர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: "அரசர்களின் காலத்தைப் பார்த்தாயா?" பார்த்தால், எகுர்-ஷூம்-உஷப்ஷி இருந்தது கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில். நபு-நாதின்-ஷூமியோ 9-ஆம் நூற்றாண்டில், நபு-அப்லா-இத்தினா அரசரின் 31-ஆம் ஆண்டில் பட்டயம் பெற்றவர். நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. "வித்து" என்றால் வம்சத்தவர். மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதனால் இரண்டு பக்கம் கிழித்தெறிந்தேன்.

ஆனால் அந்தத் தவறைத் திருத்தியபோதுதான் குடும்பத்தின் பலம் புரிந்தது. சுத்தியர்கள் என்ற நாடோடி மக்கள் சிப்பார் கோயிலைச் சூறையாடி, ஷமாஷின் திருவுருவம் காணாமல் போயிற்று. பின்னர் பஞ்சத்தில் நைவேத்தியமும் நின்றது. அப்போது எகுர்-ஷூம்-உஷப்ஷி நேரே அரசர் எயுல்மாஷ்-ஷாகின்-ஷூமியிடம் போய் முறையிட்டார். பாபிலோனில் அந்நகரின் முதன்மைத் தெய்வமான மர்துக்கின் கோயில் எசாகிலின் படையலிலிருந்து ஷமாஷுக்கு ரொட்டியும் பானமும் ஒதுக்கச் செய்தார். இன்னொரு தெய்வத்தின் பங்கிலிருந்து தன் தெய்வத்துக்கு வாங்கித் தருவது எளிய காரியமா? தலைமுறைகள் கழித்து அதே வம்சத்து நபு-நாதின்-ஷூமி, யூப்ரடீஸ் ஆற்றின் மேற்குக் கரையில் ஷமாஷின் உருவத்தைக் காட்டும் சுடுமண் படிமம் கிடைத்தது என்று கொண்டுபோய் அரசர் நபு-அப்லா-இத்தினாவிடம் காட்டினார். அரசர் பொன்னிலும் லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லிலும் புதுத் திருவுருவம் செய்வித்தார். பூசாரிக்குப் பலி ஆட்டில் தோல், பின்தொடை, பாதி வயிறு, ஒரு பானை குழம்பு என்று பங்குகளைக் கல்லிலேயே பொறித்துக் கொடுத்தார். அந்தப் படிமம் உண்மையிலேயே கிடைத்ததா, பூசாரியே செய்துகொண்டு போனதா என்று அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள். கல் அதைச் சொல்லாது. நானும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதனால் யாருக்கு வரும்படி வந்தது என்பதில் குழப்பமே இல்லை.

அப்புறம், எழுத்தை முடித்துவிட்டு, கல்லின் மேல்பகுதியில் உள்ள சிற்பத்தைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். நான் இரண்டு பயணம் வரை அதைக் கவனிக்கவே இல்லை. மூன்றாவது முறை தகடு கையில் வந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தேன். பீடத்தின் மேல் சூரிய வட்டம். அதன் எதிரே மூன்று பேர் நிற்கிறார்கள். முதலில் நிற்பவர் பூசாரி என்பதே பொதுவான கருத்து. ஒரு கை பீடத்தைத் தொட்டிருக்கிறது. இன்னொரு கை பின்னால் வரும் அரசரின் மணிக்கட்டைப் பிடித்து முன்னே அழைத்து வருகிறது. கட்டுரையின் முதல் பக்கத்தில் அந்தக் கையைத்தான் வைத்திருக்கிறேன்.