பஸ் விபத்து வழக்கை இலவச வக்கீலோடு நடத்திய அனுபவம்

2023 பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து தனியார் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். என் ஸ்டாப்பில் முன்படி வழியாக இறங்கினேன். இடது காலைத் தரையில் வைத்துவிட்டேன், வலது கால் இன்னும் படியில் இருந்தது. விசில் சத்தம் கேட்டது, பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்த என் வலது பாதத்தின் மேல் பின்சக்கரம் ஏறி இறங்கியது.

கணுக்காலில் இரண்டு ஆபரேஷன், பிளேட், ஸ்குரூ, ஆறு மாதம் வீட்டில் படுக்கை. வலியைப் பற்றி எழுதி ஒருவருக்கும் பயனில்லை. அதற்கப்புறம் வழக்கு எப்படி நடந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். எனக்கு அப்போது இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வார்டுக்கு வந்து வாக்குமூலம் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டார். என் மகள் அப்போது கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். "சார், ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்தார். "பேருந்திலிருந்து இறங்கும்போது நிலைதடுமாறிக் கீழே விழுந்து" என்று இருந்தது. நான் நிலைதடுமாறவில்லை. இறங்கி முடிப்பதற்குள் விசில் கொடுத்தார்கள், வண்டியை எடுத்தார்கள், அதனால் விழுந்தேன். அதை அப்படியே எழுதச் சொன்னேன். அவர் கொஞ்சம் சலித்துக்கொண்டார். ஆனாலும் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். முதல் தகவல் அறிக்கை அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் பதிவானது. டிரைவர் மேல் இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் (அஜாக்கிரதையாக ஓட்டியது, அதனால் கொடுங்காயம் ஏற்படுத்தியது) வழக்கு. அந்த ஒரு வரியை மாற்றாமல் விட்டிருந்தால் என் வழக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வார்டில் இருந்த பத்து நாளில் வக்கீல் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். மூவருமே வக்கீல் இல்லை, ஏஜென்ட்கள். "அக்கா, நீங்க ஒரு ரூபாகூட குடுக்க வேண்டாம், வர்ற பணத்துல முப்பது பர்சென்ட் மட்டும்" என்றார் ஒருவர். வக்கீலை நியமிக்கக் கையெழுத்துப் போடும் வக்காலத்துத் தாளை நிரப்பாமலே கையோடு கொண்டுவந்திருந்தார். நான்காவதாக பஸ் ஓனர் தரப்பிலிருந்து ஒருவர் 20,000 ரூபாயோடு வந்து, சமாதானமாகப் போய்விடுவதாக எழுதித் தரச் சொன்னார். கையில் காசில்லாத நேரம். வாங்கிவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கால் இனி எப்படி இருக்கும் என்று டாக்டருக்கே தெரியாதபோது நான் எதை வைத்து எழுதிக்கொடுப்பது? கையெழுத்துப் போடவில்லை. வழக்கில் வரும் பணத்தில் பங்கு கேட்டு வக்கீல் ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

சட்ட உதவி பற்றிச் சொன்னது பக்கத்து பெட்டில் இருந்த பாட்டியின் மருமகள். கோர்ட் வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, பெண்களுக்கு வருமானச் சான்றுகூட வேண்டாம், வக்கீல் வைத்துக்கொடுப்பார்கள் என்றாள். நான் நம்பவில்லை. மகள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்டு உறுதி செய்தாள். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோரும் வருகிறார்கள். அதில் இல்லாதவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வாக்கர் வைத்துக்கொண்டு போய் ஒரு விண்ணப்பமும் ஆதார் ஜெராக்ஸும் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் வக்கீல் மேடம் ஒருவரை ஒதுக்கினார்கள். இலவச வக்கீல் என்றால் அக்கறை இருக்காது என்று சொந்தக்காரர்கள் பலரும் சொன்னார்கள். என் மேடம் ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிட்டதில்லை.

முதல் நாளே அவர் கேட்டது விபத்துத் தேதியை. 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது என்றார். கால் குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நான் இருந்திருந்தால் அந்தக் கெடு தாண்டியிருக்கும். ஜூலையில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு தாக்கலானது. எம்.சி.ஓ.பி. என்று தொடங்கும் ஒரு நம்பர் கிடைத்தது. எதிர்மனுதாரர்கள் டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

பேப்பர் சேர்ப்பது தனி வேலை. முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆட்டோவுக்குக் கொடுத்த காசு வரைக்கும் பில். இதில் பஸ் டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினில் அடித்துக் கொடுக்கும் அந்தச் சின்னத் தாள் என் பர்சில் மடங்கிக் கிடந்தது. மூன்றாவது நாளே மகள் அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டாள். மனு போடும் நேரத்தில் எடுத்துப் பார்த்தால் அசல் டிக்கெட் வெறும் வெள்ளைத் தாள். எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. ஜெராக்ஸில் தேதியும் நேரமும் வண்டி நம்பரும் தெளிவாக இருந்தன. விபத்தில் சிக்கியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் முதல் வேலையாக டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுங்கள்.

அடுத்தது வருமானம். நான் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைப்பவள். சம்பளச் சீட்டு கிடையாது, சனிக்கிழமை கையில் காசு, அவ்வளவுதான். கான்ட்ராக்டர் அண்ணனிடம் ஒரு கடிதம் கேட்டேன். "எழுதிக் குடுத்தா எனக்குப் பிரச்சனை வருமுங்க" என்று கையை விரித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அவர் பயம். மேடத்திடம் வருத்தப்பட்டுச் சொன்னபோது, "வேற எதுலயும் கணக்கு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இருந்தது. நாலு வருடமாக நான் எழுதிவரும் நாற்பது பக்க நோட்டுகள். தேதி, ஸ்டைல் நம்பர், எத்தனை பீஸ், ரேட், சனிக்கிழமை வாங்கிய தொகை, பிடித்த அட்வான்ஸ். ஆயில் கறையோடு இருந்த அந்த நோட்டுகளைத்தான் சான்றாவணமாகக் கொடுத்தோம்.

2024-இல் வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு (இரு தரப்பும் பேசி சமரசமாக முடிக்கும் லோக் அதாலத்) போனது. இன்சூரன்ஸ் தரப்பு மூன்றரை லட்சம் தருவதாகச் சொன்னது. அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பதை மேடம் முன்பே சொல்லியிருந்தார். அவசரத் தேவை இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான், என்னோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அன்றைக்கே முடித்துக்கொண்டு போனார். எனக்கு மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று கொடுத்திருந்தது. அதனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

குறுக்கு விசாரணை நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்சூரன்ஸ் வக்கீல் ஏ.ஆர். காப்பியைக் காட்டி, "இதுல பஸ்சுல இருந்து விழுந்ததாத்தான இருக்கு? நீங்க ஓடுற பஸ்சுல இருந்து குதிச்சீங்க" என்றார். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆட்டோக்காரர் சொன்னதை டியூட்டி டாக்டர் எழுதியிருக்கிறார், நான் அப்போது மயக்கத்தில் இருந்தேன் என்றேன். விபத்துக்கு மறுநாள் நான் ஏட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தை என் மேடம் எடுத்துக் காட்டினார். அப்புறம் நோட்டு. இதெல்லாம் வழக்குக்காக எழுதியது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதி நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பென்சிலில் கூட்டிப் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மூடினார்.

வாதத்தில் மேடம் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். 2010-இல் ராஜ்குமார் – அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது: உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பது மட்டும் போதாது, அந்த ஊனம் அந்த ஆளின் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். பவர் மெஷின் பெடலை நான் மிதிப்பது வலது காலால். கணுக்கால் மடங்காமல் அதை மிதிக்க முடியாது. இன்சூரன்ஸ் தரப்போ பத்து சதவீதம் போதும் என்றது.

2025 மார்ச்சில் தீர்ப்பு. மாத வருமானம் 12,000 என்று எடுத்துக்கொண்டார்கள். நோட்டில் இருந்தது அதைவிட அதிகம், அதில் எனக்கு வருத்தம் உண்டு. நாற்பது வயதுக்குள் இருப்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்து 16,800. விபத்தின்போது எனக்கு 38 வயது, அந்த வயதுக்குப் பெருக்கல் எண் (எத்தனை வருட வருமானத்தைக் கணக்கில் எடுப்பது என்பது) 15. பிழைப்பு இழப்பு 30 சதவீதமே என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். 16,800-ஐ 12-ஆலும் 15-ஆலும் பெருக்கி அதில் 30 சதவீதம், 9,07,200 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத ஆறு மாதச் சம்பளம், வலிக்கு, ஆள் உதவிக்கு என்று மற்றவை சேர்த்து மொத்தம் 11,55,200. மனு போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டி. கம்பெனி அப்பீல் போகவில்லை. பணம் தீர்ப்பாயத்தில் கட்டப்பட்டு, மனு போட்டு, என் வங்கிக் கணக்குக்கு வந்து சேர ஜூலை ஆகிவிட்டது. மேடத்துக்கு நான் கொடுத்தது ஒன்றும் இல்லை, அவருக்கான தொகையை ஆணைக்குழுவே தருகிறது. கோர்ட் கட்டணமும் நான் கட்டவில்லை.

இப்போது வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டிருக்கிறேன். மெக்கானிக் பெடலை இடது பக்கம் தள்ளி வைத்துக் கொடுத்தார். பழைய வேகம் இல்லை, பழகிவருகிறேன். பழைய நோட்டுகள் கோர்ட்டிலேயே இருக்கின்றன. அட்டையில் சீல் குத்தி நம்பர் போட்டிருப்பார்கள். திருப்பி வாங்க மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.