வயல் நடுவே போகும் சாலையின் அடித்தளம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் வயல்களையும் குளக்கரைகளையும் ஒட்டிச் செல்லும் சாலைகளில் பல, மேலிருந்து அல்ல, அடியிலிருந்துதான் கெடுகின்றன. இரண்டு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. மழை விட்ட பிறகும் சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் ஓடுவதாலும், இருபுறமும் நெல் நிற்பதாலும், சாலைக்கு அடியிலுள்ள களிமண் காய்வதற்கு வழியே இல்லை. அந்த மண்ணைக் கவனிக்காமல் மேலே மட்டும் திரும்பத் திரும்பத் தார் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய ஒரு வயலோரச் சாலையின் பள்ளத்தை அருகில் நின்று பார்த்தேன். மேலே மெல்லிய தார். அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லி. அதன் கீழ்ப்பாதியில் கற்களின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறக் களி ஏறியிருந்தது. கை வைத்து இழுத்தவுடன் ஒரு கல் களியோடு சேர்ந்து வந்துவிட்டது. ஒவ்வொரு லாரி போகும்போதும் ஈரக்களி மேலே பிதுங்க, கல் கீழே புதைகிறது. ஒரு சாண் ஜல்லி போட்டாலும் சில ஆண்டுகளில் உண்மையில் வேலை செய்வது அதில் பாதிதான்.

இதைத் தடுக்க, களிக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் விரிக்கப்படுகிறது. பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் இழைகளால் ஆன இந்தத் துணி, தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் நிறுத்தி வைக்கும். வலை போன்ற ஜியோகிரிட்டின் வேலை வேறு. அதன் கண்களுக்குள் ஜல்லி சிக்கிக்கொள்வதால், சக்கரம் அழுத்தும்போது கற்கள் பக்கவாட்டில் விலக முடியாமல், சுமை அகலமாகப் பரவிக் களியை அடைகிறது. கண்ணின் அளவு ஜல்லியின் அளவோடு பொருந்தாவிட்டால் விலை உயர்ந்த கிரிட்டும் பயன்படாது. சுருக்கமில்லாமல் இழுத்து விரிப்பதும், ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போதிய அகலத்துக்கு ஏற்றி வைப்பதும், குறைந்தது 15 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பும்வரை அதன்மேல் வண்டி ஏற்றாமலிருப்பதும் அவசியம். வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் இழை வலுவிழக்கும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 59 வழிகாட்டி நூல் இவற்றுக்கென்றே இருக்கிறது. ஒப்பந்தக்காரரின் கையிலும் அது இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் பாலத்தின் அணுகுசாலை போல உயரமாக மண் கொட்டும் இடத்தில் விரிப்பு மட்டும் போதாது. நான்கு மீட்டர் உயர மண் ஒரு சதுர மீட்டருக்கு ஏழெட்டு டன் எடையை ஏற்றுகிறது. களியிலுள்ள நீர் அந்த எடையால் மெல்ல மெல்ல வெளியேற, சாலை ஆண்டுக்கணக்கில் தாழ்ந்துகொண்டே இருக்கும். கடைக்கால் போட்ட பாலமோ தாழாது. வண்டி பாலத்தில் ஏறும்போது தூக்கிப்போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு எடையைக் குறைப்பதே நேரான வழி. நார்வேயில் 1972இல் ஓஸ்லோ அருகே, சதுப்பு நிலத்தில் தாழ்ந்துகொண்டிருந்த ஒரு பாலத்தின் அணுகுசாலையில் மண்ணை அகற்றிவிட்டு ஜியோஃபோம் கட்டிகளை அடுக்கினார்கள். நாம் தெர்மாகோல் என்று சொல்லும் அதே பொருள்தான், சாலைக்கு ஏற்ற அடர்த்தியில் செய்யப்படுகிறது. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 20 கிலோ. அதே அளவு இறுக்கிய மண் ஏறத்தாழ இரண்டு டன். பெட்ரோல் பட்டால் கரையும் என்பதால் மேலே கான்கிரீட் பலகையோ நீர்புகா விரிப்போ போட்டு மூடுவார்கள்.

நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய கவலை வெள்ளம். 2017இல் ஒக்கிப் புயலின்போதும் 2021 நவம்பரிலும் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்பது நமக்குத் தெரியும். ஒரு கன மீட்டர் ஜியோஃபோம் முழுவதும் மூழ்கினால், நீர் அதை ஏறத்தாழ 980 கிலோ விசையோடு மேலே தள்ளும். அரை மீட்டர் கனமுள்ள ஜல்லியும் தாரும் சேர்ந்த எடை அதற்கு ஏறத்தாழ ஈடாகும். இரண்டு மீட்டர் உயரம் மூழ்கினால் சாலையே தூக்கப்படும். எனவே பழையாற்றுக் கரையிலோ தேரூர்க் குளத்தருகிலோ இதைப் பயன்படுத்துவதானால், வெள்ள மட்டத்துக்கு மேலுள்ள பகுதியில் மட்டும் வைப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

சாலையோர மண் சரிவுகளுக்குத் தென்னை நார் விரிப்பே போதும். புல் வேர்பிடித்து மண்ணைப் பற்றிக்கொள்ளும்வரை அது தாங்கினால் சரி. பிறகு மக்கிப்போவது குறையாகாது. ஈத்தாமொழித் தென்னையின் ஊரில் நாருக்கு அலைய வேண்டியதும் இல்லை.

எந்த விரிப்பைத் தேர்ந்தாலும், அதற்கு முன் மண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்துத் தாங்குதிறன் பார்க்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்தையும் கோடையில் அளந்து திட்டமிடாமல், கும்பப்பூ நெற்பயிருக்கு வயலில் தண்ணீர் நிற்கும்போதே அளக்க வேண்டும்.