பெயர் மறைக்காத மதிப்பாய்வு

கலைப்புல ஆய்விதழுக்கு அனுப்பப்படும் கட்டுரை, பதிப்பாசிரியரின் பார்வையைக் கடந்தபின், பெரும்பாலும் எழுதியவர் பெயர் நீக்கப்பட்டு, அத்துறை அறிஞர்கள் இருவரிடம் செல்கிறது. அவர்கள் ஏற்கலாம், திருத்தக் கோரலாம், மறுக்கலாம். மதிப்பிட்டவர் யாரென்று கட்டுரையாளருக்கும் தெரிவிக்கப்படுவதில்லை.

இந்த மறைவு தேவைதானா என்பதை, வாஷிங்டனின் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தைச் சார்ந்த ‘ஷேக்ஸ்பியர் குவார்ட்டர்லி’ என்ற ஆய்விதழ் 2010இல் சோதித்துப் பார்த்தது. புதிய ஊடகங்கள் குறித்த சிறப்பிதழுக்கான நான்கு கட்டுரைகளை இணையத்தில் வைத்து, அழைக்கப்பட்ட வல்லுநர்களும் ஆர்வமுள்ள பிறரும் தம் பெயரிலேயே கருத்துரைக்க வழிசெய்தது. 41 பேர் 350க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார்கள்; கட்டுரையாளர்கள் அங்கேயே பதிலளித்து, பின்பு திருத்தினார்கள். இறுதி முடிவு மட்டும் பதிப்பாசிரியர்களிடமே இருந்தது.

இம்முயற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். கலைப்புலங்களில் மதிப்பீடு என்பது, ஒரு வாசிப்பு நியாயமானதா, சான்றுகள் அதைத் தாங்குகின்றனவா என்ற விவாதமே. விவாதத்தில் இரு தரப்பும் முகம் காட்டுவதுதான் முறை. ஆயினும், பணி நிரந்தரமாகாத இளம் ஆய்வாளர் ஒருவர், தம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடிய மூத்த பேராசிரியரின் குறையைப் பெயரிட்டுச் சுட்டத் தயங்குவார் என்பதையும் மறுக்க முடியாது. அவருக்காகவேனும் பழைய வழக்கமும் உடன் தொடர வேண்டும்.