தொட்டி நீர்மட்டத்தை லோராவில் அனுப்புதல்: இதுவரை செய்து பார்த்தது

மின் இணைப்பும் வைஃபையும் எட்டாத இடத்தில் இருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது திட்டம். அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டிப் பக்கம் (இதைத்தான் நோட் என்கிறேன்) ஏடிமெகா328பி என்ற சிறு கட்டுப்பாட்டுச் சிப், குறைந்த மின்சாரத்தில் அதிகத் தூரம் எட்டும் லோரா ரேடியோவுக்கான எஸ்எக்ஸ்1276 மாட்யூல், எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார், டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், ஒரு லித்தியம் பேட்டரி. வீட்டுப் பக்கம், கேட்வேயாக, வைஃபை உள்ள இஎஸ்பி32 சிப். ரேடியோவில் வருவதை அது வாங்கி, எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாக ஒரு சின்னக் கணினிக்குத் தள்ளிவிடும். வயரிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம், எண் வராவிட்டால் அதை எப்படிப் புரிந்துகொள்வது, இந்த இரண்டில்தான் என் நேரம் பெரும்பாலும் போனது. இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான்.

கிராஃபில் முதலில் கண்ணில் பட்டது மதிய நேர ஏற்றம். குழாய் மூடியிருக்கிறது, தொட்டிக்குள் புதிதாகத் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் வெயில் ஏற ஏற மட்டமும் ஏறுகிறது. சாயங்காலம் தானாக இறங்கிவிடுகிறது. காரணம் ஒலியின் வேகம். சுழிய டிகிரியில் காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதோடு 0.6 மீட்டர் கூடும். அப்படியானால் 20 டிகிரியில் 343 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டர். சென்சார் தருவது எதிரொலி திரும்பி வர எடுத்த நேரத்தை மட்டுமே. தூரமாக மாற்றுவது நம் நிரல். அதில் 343 என்று நிலையாக வைத்துவிட்டால், 150 செ.மீ. கீழே இருக்கும் நீர்ப்பரப்பு 40 டிகிரி வெயிலில் 145 செ.மீ.யிலேயே இருப்பதுபோலக் காட்டும். தண்ணீர் 5 செ.மீ. ஏறிவிட்டது என்று அர்த்தம்! தொட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிய பொய் அது.

அதனால் வெப்பநிலை சென்சாரைத் தண்ணீருக்குள் விடும் யோசனையைக் கைவிட்டு, நீர்ப்பரப்புக்கும் மூடிக்கும் இடையே உள்ள காற்றில் தொங்கவிட்டேன். ஒலி பயணம் செய்யும் காற்றின் வெப்பம்தான் இங்கே வேண்டியது. அதை வைத்துத் திருத்தியதும் மதிய மேடு கிட்டத்தட்டக் காணாமல் போனது. மிச்சமிருக்கும் சிறு அலைவுக்கு, மூடிக்குக் கீழே காற்று அதிகச் சூடாகவும் நீரை ஒட்டிக் குளிர்ச்சியாகவும் இருப்பது காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே சென்சார் அதைப் பிடிக்காது.

இந்த அல்ட்ராசோனிக் சென்சாருக்கு முகத்துக்கு மிக அருகில், ஏறத்தாழ 25 செ.மீ. வரை, எதுவும் சரியாகத் தெரியாது. தொட்டி நிரம்பினாலும் அந்த இடைவெளி இருக்கும்படி உயர்த்தி மாட்ட வேண்டும். சென்சார் முகத்தில் நீராவி துளியாகப் படிந்தால் ஒன்றிரண்டு அளவுகள் தாறுமாறாக வரும். சராசரி எடுத்தால் அந்த ஒரு கெட்ட அளவு மொத்தத்தையும் இழுத்துவிடும்; அதனால் பலமுறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் அளவை எடுத்துக்கொள்கிறேன். டிஎஸ்18பி20க்கும் ஒரு குணம் உண்டு. மின்சாரம் கொடுத்தவுடன் அதன் நினைவகத்தில் இருப்பது 85 டிகிரி. 12 பிட் நுணுக்கத்தில் அளந்து முடிக்க 750 மில்லிவினாடி வரை ஆகும். அதற்குள் படித்தால் 85தான் கிடைக்கும். வயர் விட்டுப்போனால், ஆர்டுயினோவில் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி -127 தரும். இந்த இரண்டு எண்களும் வந்தால் அவற்றை வெப்பநிலையாகச் சேமிக்காமல் பிழைக் குறியாக மாற்றி அனுப்புகிறேன்.

ரேடியோ பக்கம் வருவோம். ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் அனுப்பினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் நீளம் கூடும், பேட்டரி தாங்காது. இப்போது ஒரு பாக்கெட், அதாவது ஒரு தடவை அனுப்பும் தகவல், 10 பைட்: நோட் எண்ணுக்கு 1, வரிசை எண்ணுக்கு 2, வெப்பநிலைக்கு 2, தூரத்துக்கு 2, பேட்டரி மின்னழுத்தத்துக்கு 2, நோட்டின் நிலைக்கு 1. வெப்பநிலையை நூறால் பெருக்கி முழு எண்ணாக அனுப்பினால் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வந்துவிடுகிறது. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இந்த 10 பைட் காற்றில் இருக்கும் நேரம், ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (கூட்டினால் தூரம் கூடும், வேகம் குறையும்) 7 என்றால் ஏறத்தாழ 41 மில்லிவினாடி. 12 என்றால் 990. தூரம் அதிகம் எட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு 12 வைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்: ஒவ்வொரு தடவையும் 24 மடங்கு நேரம் டிரான்ஸ்மிட்டர் எரிகிறது. நான் 9இல் நிற்கிறேன், ஏறத்தாழ 144 மில்லிவினாடி. இடையில் மரங்கள் இருந்தும் அது போதுமானதாக இருக்கிறது. ஆன்டெனாவைக் கூரை உயரத்துக்கு ஏற்றியதில் கிடைத்த லாபம், இந்த எண்ணை மாற்றியதில் கிடைத்ததைவிட அதிகம். அலைவரிசையும் அனுமதிக்கப்பட்ட சக்தியும் நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

பேட்டரி அளவை எப்போது எடுப்பது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். சும்மா இருக்கும்போது அளந்தால் பழைய பேட்டரிகூட நல்ல எண் காட்டும். எஸ்எக்ஸ்1276 முழுச் சக்தியில், அதாவது 20 டிபிஎம்மில், 120 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அந்த நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்பதுதான் பேட்டரியின் உண்மையான நிலை. ஆகவே அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அளந்து, அதை அடுத்த பாக்கெட்டில் வைக்கிறேன். மற்ற நேரமெல்லாம் தூக்கம். நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யவும் உதவும் வாட்ச்டாக் டைமர் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 8 வினாடிதான் தூங்க விடும், எழுந்து எண்ணிவிட்டுத் திரும்பத் தூங்க வேண்டும். அந்தக் கடிகாரம் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் பொறுத்து இழுபடும் என்பதால் நேர முத்திரை போடும் வேலையை ரிசீவரிடமே விட்டுவிட்டேன்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி: எதுவுமே வராதபோது என்ன செய்வது. வரிசை எண் 412க்குப் பிறகு 415 வந்தால் நோட் உயிரோடு இருக்கிறது, ரேடியோவில் இரண்டு பாக்கெட் தொலைந்திருக்கிறது. 412க்குப் பிறகு 0 வந்தால் நோட் ரீசெட் ஆகியிருக்கிறது; ஏன் என்பதை நிலை பைட் சொல்லும். ஏடிமெகாவில் எம்சியுஎஸ்ஆர் என்ற பதிவேடு, மின்னழுத்தம் சரிந்ததா, வாட்ச்டாக் அடித்ததா என்று காட்டும். பல பூட்லோடர்கள் (முதலில் ஓடி, நம் நிரலை ஏற்ற உதவும் சிறு நிரல்கள்) இதை முதலிலேயே துடைத்துவிடும். அதனால் பூட்லோடர் இல்லாமல் நேரடியாக நிரலை ஏற்றியிருக்கிறேன். கேட்வே போய்விட்டால் எம்க்யூடிடியின் ‘லாஸ்ட் வில்’ வேலை செய்யும்: இணைப்பு சொல்லாமல் அறுந்தால், முன்பே கொடுத்து வைத்த செய்தியை, செய்திகளை வாங்கிப் பகிரும் புரோக்கர் வெளியிட்டுவிடும். இந்த நெறிமுறையை 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கத்தான். இணைப்பு அறுவதை வழக்கமான நிகழ்வாகவே எடுத்துக்கொண்டிருப்பது அதில் தெரிகிறது. ‘ரீடெய்ன்’ வசதியில் மட்டும் கவனம் வேண்டும். புதிதாகத் திறக்கும் திரைக்கு அது கடைசி மதிப்பைக் கொடுக்கும், அது எப்போது வந்தது என்று சொல்லாது. செய்திக்குள்ளேயே நேரத்தை வைத்தால் பழைய மட்டத்தைப் புதியது என்று நம்ப வேண்டியிருக்காது.

1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1இன் பீப் ஒலியிலும் இதே சிந்தனைதான் இருந்தது. உள்ளே வெப்பநிலையோ அழுத்தமோ வரம்பைத் தாண்டினால் அந்த பீப்பின் நீளம் மாறும்படி அமைத்திருந்தார்கள். கருவி தன் உடல்நிலையைத் தன் குரலிலேயே சொன்னது. என் 10 பைட்டில் பாதிக்கு மேல் நோட்டைப் பற்றிய தகவல், அளவுகளுக்கு 4 பைட்தான். இதில் எனக்கு முழு திருப்தி.

அடுத்து இரண்டாவது நோட், இன்னொரு தொட்டிக்கு. இரண்டும் ஒரே அலைவரிசையில், ஒரே இடைவெளியில் அனுப்பினால், கடிகாரங்கள் நகர்ந்து நகர்ந்து ஏதோ ஒரு நாளில் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்புறம் விலகும்வரை பல பாக்கெட்டுகள் தொடர்ந்து தொலையும். இடைவெளியோடு சில வினாடிகளைக் குலுக்கல் முறையில் கூட்டும் நிரலை எழுதிவிட்டேன். மேசையில் இரண்டையும் வேண்டுமென்றே ஒரே நேரத்தில் ஆன் செய்து, வரிசை எண் எங்கெல்லாம் தாவுகிறது என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.