எந்த நாளைக்கு?

"கெஷோ இப்பி?" ஸ்வாஹிலில, எந்த நாளைக்கு? அந்தப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான், சத்தம் கூட போடல. நான் தான்சானியாவுல தார் எஸ் சலாமை விட்டு வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் காதுக்குள்ளயே இருக்கு.

அவருக்கு ரெண்டு லாரி. எங்க மில்லுல மாவு ஏத்தி முவான்ஸா வரைக்கும், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. மூணு ட்ரிப் பாக்கி, 12 மில்லியன் ஷில்லிங். டெலிவரி நோட்டெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல வச்சிருப்பார், மடிப்புல மாவு ஒட்டியிருக்கும், திங்கக்கிழமை ஆனா எடுத்து என் டேபிள்ல வரிசையா வைப்பார். நானும் "கெஷோ", நாளைக்குன்னு சொல்லி அனுப்புவேன். ஏழாவது திங்களோ எட்டாவதோ, அன்னிக்குத்தான் அப்படிக் கேட்டார்.

மில்லுல காசு இல்லாம இல்ல. வசூலான பணம் சாயங்காலமே ஹெட் ஆபீஸுக்குப் போயிடும், அங்கேருந்து எண்ணெய் கம்பெனியோ சோப்பு கம்பெனியோ எதுக்கு அவசரமோ அதுக்கு. இதைத் தப்புன்னு ஒரேயடியா சொல்லவும் முடியல. 1967 அருஷா பிரகடனத்துக்கு அப்புறம் பேங்க், பெரிய மாவு மில்லுன்னு அரசாங்கம் எடுத்துக்கிட்ட ஊரு, 90கள்ல திரும்ப தனியாருக்கு வித்தப்ப கையில காசு இருந்த சில குடும்பங்க மாவு, எண்ணெய், சைசல் நார், துணின்னு பலதுலயும் இறங்கினாங்க. பேங்க் வட்டி கட்டுப்படியாகாது, ஒரு கம்பெனி காசுலதான் இன்னொண்ணு நிக்கணும். அந்த நேரம் கோதுமைக் கப்பல் வேற துறைமுகத்துல நிக்குது, நாள் கணக்குல டிமரேஜ், அதாவது கப்பல் தாமதத்துக்கான கட்டணம். கோதுமை இறங்கலைன்னா மில்லு நிக்கும், மில்லு நின்னா பெரியவருக்கும் லோடு இல்ல. நான் சரியாத்தான் யோசிச்சேன்.

ஆனா அதே பேமென்ட் லிஸ்ட்ல எங்க க்ரூப்போட ட்ரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு 15 நாள் பில்லை க்ளியர் பண்ணியிருந்தேன். அவங்களுக்கு அன்னிக்கு அந்தப் பணம் தேவையே இல்ல, மாசக் கடைசில எக்ஸல்ல நேர் பண்ணியிருக்கலாம். சிஸ்டர் கன்சர்ன் முதல்லன்னு மேலேருந்து சொல்லியிருந்தாங்க, உண்மைதான், ஆனா பெரியவர் பேரை ரெண்டாம் பக்கத்துல போட்டது நான்தான், முதல் பக்கத்தோட பணம் முடிஞ்சிடும்னு தெரிஞ்சே. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களோ? நான் கேக்கவே இல்லையே.

அங்க பெரியவங்களைப் பார்த்தா "ஷிக்கமோ" சொல்லணும், உங்க காலைத் தொடுறேன்னு அர்த்தம்பாங்க. நம்ம ஊர் மாதிரியே இருக்கேன்னு நான் ஆசையா கத்துக்கிட்ட முதல் வார்த்தை. வாராவாரம் அதை வாய் நிறைய சொல்லிட்டுத்தான் அடுத்து கெஷோ சொன்னேன், இதுதான் ரொம்ப உறுத்துது.

74வது நாள் முழுப் பணமும் ரெடியாச்சு. அதுக்குள்ள ஒரு லாரியை வித்துட்டார்னு கேட் செக்யூரிட்டி சொன்னான், எங்களாலதானான்னு கேக்க தைரியம் வரல. உள்ள வந்தார், ஷிக்கமோன்னேன், எப்பவும் போலவே "மரஹபா"ன்னு வணக்கத்தை ஏத்துக்கிட்டார். உட்கார்ந்து, ஒவ்வொரு ட்ரிப்பா நோட்டோட ஒத்துப் பார்த்து, வவுச்சர்ல கையெழுத்துப் போட்டார். காலிக் கவரை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போனார்.