கொழும்பில் ஏது மலை? பழைய நத்தை ஓடுகளோடு ஒன்றரை ஆண்டு

பதினாறு மணி நேரம் ரயிலில் போய் இறங்கி, பழைய நத்தை ஓடுகளைப் பார்க்க ஒன்பதரைக்கெல்லாம் அருங்காட்சியக வாசலில் நின்றேன். அனுமதிக் கடிதம், அடையாள அட்டை, துறைத் தலைவர் கையெழுத்து என்று கேட்ட காகிதம் எல்லாம் கையில் இருந்தது. சாவிதான் இல்லை.

"நத்தை ஓட்டு அறைச் சாவி அதைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் இருக்கும் தம்பி. மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அடுத்த திங்கள்தான் வருவார்."

வரும் தேதியை இரண்டு மாதம் முன்பே எழுதியிருந்தேன். "வரலாம்" என்று பதிலும் வந்திருந்தது. ஒரு சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போக யாருக்கும் தோன்றவில்லை. அன்று இரவே திரும்பினேன். ஆகவே, போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது "அனுமதி உண்டா" என்பதல்ல, "சாவி யாரிடம்" என்பது. அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அவரிடமே பேசிவிடுங்கள். கடிதத்தில் உலர்ந்த ஓடுகள், சாராயத்தில் (எத்தனாலில்) இட்ட மாதிரிகள் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இரண்டாம் முறை போனபோது ஓடுகளைக் காட்டினார்கள். சாராயப் புட்டிகள் வேறு பிரிவாம், அதற்கு வேறு கடிதமாம்.

என் வேலை தென்னிந்திய மலைகளின் மேக்ரோகிளமிஸ் என்ற பேரினத்து நத்தைகளை வகைப்படுத்துவது. பார்த்தவர்களுக்குத் தெரியும், புளியங்கொட்டைக்கு நெய் தடவியது போல எல்லாமே பழுப்பாக, தட்டையாக, பளபளவென்று இருக்கும். ஓட்டை மட்டும் வைத்து இது வேறு, அது வேறு என்று சொல்லத் துணிவது ஆபத்து. கே2 சிகரப் பகுதியை நில அளவை செய்த காட்வின்-ஆஸ்டின்தான் பிற்காலத்தில் இந்த நத்தைகளின் உடலை அறுத்து, இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்காமல் வகைப்படுத்தக் கூடாது என்று விடாமல் வாதாடியவர். 1905இல் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு இறந்தபின், அவர் பாதியில் விட்ட இந்திய நத்தைத் தொகுதியை முடித்து 1908இல் வெளிக்கொணர்ந்தவரும் அவரே. ஆனால் அந்தக் காலத்துச் சேகரிப்பில் பெரும்பகுதி வெறும் ஓடு. உள்ளே இருந்த உயிரை அப்போதே எடுத்து எறிந்துவிட்டார்கள். இனத்தின் பெயரோ, அதை முதலில் விவரிக்கப் பயன்பட்ட அந்த வெற்று ஓட்டின்மீதுதான் நிற்கிறது. அதனால் அதைப் பார்க்காமல் ஒரு அடி நகர முடியாது.

இழுப்பறையைத் திறந்ததும் புளித்த காடி வாசனை. பல ஓடுகளின்மேல் திருநீறு பூசியது போல வெள்ளைப் படலம். அது பூஞ்சணம் அல்ல. பைன் என்பவர் இதைக் கிருமியின் வேலை என்று நினைத்தார், அவர் பெயரே இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. உண்மையில் மர அலமாரி கசியவிடும் அமிலம், ஓட்டின் சுண்ணாம்பைத் தின்று உப்பாக மாற்றுகிறது. ஓக் போன்ற மரங்களில் இது அதிகம். தயவுசெய்து விரலால் துடைக்காதீர்கள், மேல்தோலும் நுண்வரிகளும் கூடவே போய்விடும். பொறுப்பாளரிடம் சொல்லி, ஓடுகள் உள்ள அந்தத் தட்டை மர அலமாரியிலிருந்து பிரித்து வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன். "இத்தனை வருஷம் இருந்தது, இன்னும் இருக்கட்டும்" என்றார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கண்ணாடிக் குழாய். பஞ்சு அடைத்த வாய், உள்ளே ஏழு ஓடுகள். வெளியே தட்டச்சு அட்டையில் "கொழும்பு மலைகள், 4000 அடி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. பதிவேட்டிலும் அதே. அதை நம்பித்தான் இந்த இனத்தை இதுவரை இலங்கைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நானும் முதல் நாள் அப்படியே எழுதிக்கொண்டேன். இரவு அறைக்கு வந்து படுத்தபின்தான் உறைத்தது. கடலோரத்துக் கொழும்பில் நாலாயிரம் அடி மலை எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலை பஞ்சை எடுத்து, இடுக்கியால் குழாயின் அடியைத் துழாவினேன். தபால்தலை அளவில் மடித்த காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பேறிய மை. கீழ்ப்பாதியை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. கே, ஓ, எல், ஏ, எம் என்று ஐந்து எழுத்துகள், பிறகு ஓட்டை, பிறகு 4000. வாய்விட்டுப் படித்தேன். கோலம்... கோலமுல்லி! பெட்டோம் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1875இல் சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை ஆகியவற்றின் பெயர்களை, ஓட்டின் வாய்க்கு மூடி உள்ள சிறு நத்தைகளுக்கு வைத்தபோது, கொல்லிமலையைக் கோலமுல்லி என்ற ஒலியில்தான் எழுதினார். ஆனைமலை ஆங்கிலேயர் வாயில் அனமுல்லை ஆனது போலத்தான் இதுவும். பிற்காலத்தில் அட்டை தட்டியவருக்கு இந்தப் பெயர் தெரியாமல், தெரிந்த ஊரைப் போட்டுவிட்டார். அந்த இடத்தில் நின்றிருக்கக்கூடிய வேறு யாரையும்விட, நம் மலைகளின் பெயரைக் காதால் அறிந்த ஒருவருக்கு இது எளிது. எனக்குக் கை நடுங்கியது.

எனவே, குழாயைத் தொடுவதற்கு முன் உள்ளது உள்ளபடியே படம் எடுங்கள். ஓடு, சீட்டு, பஞ்சு, அட்டை எல்லாம் ஒரே படத்தில் வரட்டும். தட்டச்சு அட்டையை ஒருபோதும் முதல் சான்றாகக் கொள்ளாதீர்கள். அது யாரோ பிறகு எழுதிய நகல்.

அதே ஏழிலும் ஒரு சிக்கல். இரண்டின் தொப்புள் குழி (ஓட்டின் அடிப்புற நடுவில் உள்ள துளை) மற்றவற்றைவிடக் குறுகலாக இருந்தது. உருப்பெருக்கியில் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது, ஐந்து ஓடுகளில் பழைய கோந்தின் தேன்நிறத் தழும்பு இருந்தது. அந்தக் காலத்தில் ஓடுகளை அட்டையில் ஒட்டி வைப்பார்கள். இந்த இரண்டில் தழும்பே இல்லை. அதாவது, இவை பிறகு யாரோ சேர்த்துப் போட்டவை. மூல விவரிப்பில் உள்ள விட்டத்தோடு பொருந்திய ஓடும் அந்த ஐந்தில் ஒன்றுதான். வகைமாதிரி (இனத்தின் பெயரைத் தாங்கும் ஒற்றை ஓடு) தேர்ந்தெடுக்க அவசரப்படுபவர்கள் இதைக் கவனியுங்கள். முன்பு எவராவது முறைப்படி ஒன்றைத் தேர்ந்திருந்தால் உங்கள் தேர்வு செல்லாது, பழைய கட்டுரைகளை வரிவரியாகத் தேடியே ஆக வேண்டும். கலந்துபோன குழாயிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தால், பெயரே தவறான நத்தைக்குப் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்கு. நாம் பூசையில் வலம்புரி என்று போற்றும் சங்கு, விலங்கியல் கணக்கில் இடச்சுழல். நாம் கூர்முனையைக் கீழே வைத்துப் பார்க்கிறோம், அவர்கள் மேலே வைத்துப் பார்க்கிறார்கள். உதவிக்கு வந்த மாணவி ஆரியோஃபான்டா என்ற நத்தையின் இடச்சுழல் ஓடுகளுக்கு எதிரே "வலம்புரி" என்று எழுதிவைத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் மொழிப்படி அது சரிதான். ஆனால் நாற்பது தட்டுகளை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. இப்போது நாங்கள் "முனை மேலே, வாய் இடம்" என்று முழுதாக எழுதுகிறோம்.

கொல்லிமலையில் உயிருள்ள நத்தை கிடைத்தால்தான் கதை முடியும். காட்டுக்குள் போகும் அனுமதிக்கு ஜூனில் விண்ணப்பித்தேன். கையில் கிடைத்தது பிப்ரவரியில். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய், மூன்று நாள் சருகைக் கிளறியும் வெயிலில் வெளுத்த வெற்று ஓடுகள்தான். மிளகுத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "மழை இறங்கட்டும் தம்பி, காலடியிலேயே கிடக்கும்" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. அனுமதியை நீட்டித்துக்கொண்டு அக்டோபரில் மறுபடி போன முதல் மாலையே, ஈரப் பாறையில் நான்கு நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கறுத்த உடல், ஓட்டின்மேல் மடிந்து ஏறி அதைத் துடைத்தபடியே நகரும் மெல்லிய தோல் மடல். நூற்றைம்பது ஆண்டாகக் குழாயில் வெறுமையாகக் கிடந்த ஓட்டுக்குச் சொந்தமான உடலைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தில், சற்று நேரம் எடுக்கவே மனம் வரவில்லை.

நேராகச் சாராயத்தில் போடாதீர்கள். உடல் சுருங்கி ஓட்டுக்குள் இறுகிவிடும், அறுக்க முடியாது. முதல் நத்தையை அப்படித்தான் இழந்தேன். காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிய புட்டியில் ஓரிரவு மூடி வைத்தால் உடல் நீண்டு தளர்ந்திருக்கும். பிறகு காலில் சிறு துண்டை மரபணுச் சோதனைக்கு அடர் சாராயத்தில் தனியாக வையுங்கள். சாராயம் வாங்கும் உரிமச் சீட்டை மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மூன்று உடல்களையும் அறுத்துப் பார்த்தாயிற்று. தொப்புள் குழி, புரிகளின் எண்ணிக்கை, நுண்வரி என ஓட்டின் ஒவ்வொரு அடையாளமும் அந்த ஐந்தோடு ஒத்துப்போகிறது. கட்டுரை மதிப்பீட்டில் இருப்பதால் இனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

சென்ற மாதம் நான்காம் முறையாக அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். கொழும்பு அட்டையை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. பழைய அட்டையை அகற்றக் கூடாது என்ற விதி சரியானது என்று நானும் ஏற்கிறேன். அதற்குப் பின்னால் இன்னொரு சீட்டு சேர்க்க அனுமதித்தார்கள். அமிலமில்லாத காகிதத்தில், பென்சிலால், "கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தேதி போட்டுக் குழாய்க்குள் செருகினேன். சாவிக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அவர் சொந்த ஊர் ராசிபுரமாம், கொல்லிமலை அடிவாரம். "எங்கள் மலையா இது?" என்று கேட்டுக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தத் தட்டை அவரே மர இழுப்பறையிலிருந்து எடுத்து, இரும்பு அலமாரியில் வைத்தார்.