டைக்கோவின் இரும்பும் நான் தொலைத்த இரண்டு மாதமும்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு டைக்கோ சூப்பர்நோவா எச்சத்தை (விண்மீன் ஒன்று வெடித்து மிஞ்சிய வாயு மேகம்) எடுத்தபோது, மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் பழைய தரவு எல்லாம் இணையத்தில் இலவசம். அந்தத் தரவின் நிறமாலையோடு மாதிரிகளைப் பொருத்திப் பார்க்கும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருளும் இலவசம். லேப்டாப் ஒன்று இருந்தால் போதும். மிச்சக் கதைதான் நீளம்.

1572 நவம்பரில் டைக்கோ பிராஹே பார்த்து வியந்த அந்தப் 'புதிய விண்மீன்', உண்மையில் ஒரு வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் அடர்ந்த மிச்சக் கரு) வெடித்துச் சிதறியது. இந்த வகை வெடிப்பில் நிக்கல்-56 குவியலாக உண்டாகும். அது 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்டாகவும், கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகவும் மாறும். உள்நோக்கிப் பாயும் அதிர்ச்சி அலை அந்த இரும்பைச் சூடாக்க, நமக்கு எக்ஸ் கதிர் கிடைக்கிறது.

நான் செய்த முதல் தப்பு மாதிரியைத் தேர்ந்தெடுத்ததில். பாடத்தில் படித்த சமநிலை பிளாஸ்மா மாதிரியை, அதாவது சூடான வாயுவில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான் உரிவதும் மீண்டும் சேர்வதும் சமமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் கணக்கை, தூக்கிப் போட்டேன். நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றலில் ஒரு கோடாகத் தெரியும்; சிலிக்கான், கந்தகக் கோடுகள் ஓரளவு பொருந்தின. ஃபிட்டுக்குக் கீழே தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கட்டத்தில் மட்டும் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஒரு மேடு, 6.7-இல் ஒரு பள்ளம். கருவிக் கோளாறாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டினேன். கைடு திரையை ஒரு தடவை பார்த்தார். "கோடு எங்க நிக்குதுன்னு முதல்ல அளந்து பாருப்பா" என்றார், அவ்வளவுதான்.

5 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு நேர்சரிவும் காசியன் என்ற மணிவடிவ வளைவு ஒன்றும் போட்டேன். இரும்பின் கோடு 6.43-இல் நின்றது. சமநிலையில் இருந்திருந்தால் அந்த வெப்பத்தில் இரும்பு இரண்டே எலக்ட்ரானோடு 6.7-இல் அல்லவா ஒளிர வேண்டும்? டைக்கோவின் வாயு அவ்வளவு நீர்த்தது. நானூற்றைம்பது வருஷம் மோதியும் எலக்ட்ரான்களை உரித்து முடிக்கவில்லை. சமநிலை எட்டாத மாதிரிக்கு மாறிய அன்றே மேடும் பள்ளமும் காணாமல் போயின.

கோடு நிற்கும் இடம் இன்னொன்றும் சொல்லும். சுசாகு தொலைநோக்கித் தரவை வைத்து 2014-இல் யமாகுச்சி குழுவினர் காட்டியது இது: வெண்குறுமீன் வெடித்த எச்சங்களில் இந்தக் கோடு சுமார் 6.55-க்குக் கீழே, பெருநிறை விண்மீன் வெடித்தவற்றில் அதற்கு மேலே. பெருநிறை விண்மீன்கள் சாகும் முன்பே தம்மைச் சுற்றி வாயுவைக் கொட்டி வைப்பதால் அங்கே மோதல் அதிகம். வெடித்தது எது என்று இவ்வளவு சுலபமாகப் பிரித்துக் காட்டும் இன்னொரு கோட்டை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது தப்பைச் சொல்லவே வெட்கம். 3சி 397 என்ற எச்சத்தில் நிக்கலும் மாங்கனீசும் மிகுதி, ஆகவே வெடித்த வெண்குறுமீன் சந்திரசேகர் எல்லையை (ஒரு வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்ச நிறை) ஒட்டிய நிறை கொண்டது என்று 2015-இல் வந்த கட்டுரையை அப்போதுதான் படித்திருந்தேன். (எல்லைக்கும் அவர் பெயர், நான் பிடித்திருந்த தொலைநோக்கிக்கும் அவர் பெயர்.) என் நிறமாலையிலும் 7.5-இல் நிக்கல்! ராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில் எச்சத்துக்கு வெளியே வெறும் வானத்தில் ஒரு வட்டம் போட்டு நிறமாலை எடுத்தேன். அங்கேயும் 7.5-இல் அதே கோடு. விண்வெளித் துகள்கள் தொலைநோக்கியின் சொந்த உலோகத்தில் மோதி எழுப்பிய நிக்கல் அது. நான் பின்னணிக் கோப்பை இணைக்கவே மறந்திருந்தேன். வெற்று வான நிறமாலையை அச்செடுத்து மேசை முன்னால் ஒட்டிவிட்டுத்தான் இனி நீங்கள் தொடங்க வேண்டும்.

இப்போது ஆரம்பிப்பவர்கள் 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் தரவையும் பாருங்கள். சந்திராவின் சிசிடி உணரி 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் நூற்றைம்பது எலக்ட்ரான் வோல்ட் வரை மங்கலாகக் காட்டும் இடத்தை அது ஐந்து எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கூர்மையாகக் காட்டுகிறது. அதன் கருவிக்கு முன்னால் உள்ள மூடி திறக்காமல் போனதால் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே பெரும்பாலும் இருட்டு. ஆக்சிஜன் தேடுபவர்களுக்குத்தான் அந்த நஷ்டம், இரும்புக்காரர்களுக்கு இல்லை.